கதவு அத்தையின் இடது செருப்பு

இடது செருப்பைக் கழற்றி, மசாஜ் அறைக் கதவின் அடியில் சொருகி, குதிகாலால் ஓர் உதை விட்டு இறுக்குகிறார் கதவு அத்தை. பிறகு ஒற்றைச் செருப்போடு டப், டப் என்று நடக்கிறார். அடுத்த கதவுக்குப் பழைய டம்பெல், அதற்கடுத்ததற்குத் தண்ணீர் வாளி. அலுவலகம் கொடுத்த மரக்கட்டைகள் வழுக்குகின்றனவாம். "ரப்பருக்குத்தான் பிடிவாதம் ஜாஸ்தி" என்பார்.

கல்லூரி விளையாட்டு அரங்கில் பந்து, வலை, விசில் எல்லாம் அவர் பொறுப்பு. மாலையில் ஒரு தொண்டு அமைப்பு வசதியில்லாத பிள்ளைகளை அழைத்துவந்து இங்கே நீச்சல் கற்றுத்தருகிறது. அத்தைக்குச் சம்பளம் தருவதும் அந்த அமைப்புதான். முன்பிருந்த கோச் தனிப் பயிற்சி என்று பிள்ளைகளை மசாஜ் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு பாலியல் கொடுமை செய்தவர். இப்போது சிறையில் இருக்கிறார். அவருக்குக் கேடயம் கொடுத்தவர்களே பிறகு விதி எழுதினார்கள்: பிள்ளையோடு பெரியவர் இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அத்தை மட்டும் செருப்பைக் கழற்றினார்.

அவருக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. கல்லூரி முதல்வர் தன் சொந்த மகனுக்கு ஷூ கயிறு கட்டிவிட்டபோதும் கதவடிக்குச் செருப்பு பறந்து வந்தது. வீட்டிலும் எந்தக் கதவும் சாத்துவதில்லை. பழக்கதோஷத்தில் ஒருநாள் ஃபிரிட்ஜையும் திறந்தே போட்டுவிட்டு வர, பால் திரிந்தது. குளிக்கும்போது சத்தமாகப் பாடித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று அவர் கணவர் என்னிடம் புலம்பினார். கதவு கடித்து இடது செருப்பு மட்டும் பிய்ந்துபோவதால் வீட்டில் புத்தம்புது வலது செருப்புகள் குவிந்து கிடக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அமைப்பின் அலுவலகத்தில் வேலை. மேலிடத்தில் யார் என்ன சொன்னாலும் "சரி சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அது மரியாதையா, பயமா என்று அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் குழம்புவேன்.

போன வாரம் புது கோச், பதக்கக்காரர், மசாஜ் அறையில் ஒரு சிறுமியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். போட்டிக்கு முன் மனசைத் தயார்படுத்தவாம். அது இரட்டைக் கதவு. ஒரு பக்கத்தை அத்தையின் செருப்பு ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. கோச் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. நன்கொடை வாங்கித் தரும் ஆளாயிற்றே என்று அமைப்பின் தலைவரே ஓடிவந்தார். சிறுமி நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரைச் சந்தேகப்படுறீங்களாம்மா?" என்று தலைவர் அத்தையிடம் கேட்டார்.

"நான் யாரையும் தப்பு சொல்லலைங்க. கதவைத்தான் சொல்றேன். அன்னிக்கும் இது சாத்தித்தான் இருந்துச்சு. நாம எல்லாரும் நல்ல மனுஷன்னு தட்டாமப் போனோம்."

தலைவர் என் பக்கம் திரும்பி, அந்தச் செருப்பை எடு என்றார். என் வாயில் "சரி" வரை வந்துவிட்டது. குனியவில்லை. தலைவர் முகம் சிவந்து அத்தையிடம் திரும்பினார்.

"அப்ப நீங்களே எடுத்து மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அத்தை தன் கால்களைப் பார்த்தார். பிறகு கதவின் மறுபக்கத்தையும் அகலத் திறந்து, வலது செருப்பைக் கழற்றி அடியில் சொருகி, குதிகாலால் ஓர் உதை விட்டார்.