சூசை மலைக் கானும் சூயஸ் கால்வாயும்

இந்த வாரமும் மன்னிப்பில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாக்கியம் கோணும். பெயரும் நாளும் மறந்துபோகும். போன வாரம் கந்தப்பளையில் கோயிலுக்கு இடப்பக்கம் கடை என்று எழுதிவிட்டேன். வலப்பக்கம் என்று ஒரு வாசகர் கோபமாகத் திருத்தியிருக்கிறார். சரிதான் ஐயா, வலப்பக்கம்தான்.

அந்தக் கடை ரேடியோவில்தான் முந்தாநாள் ஒரு செய்தி கேட்டேன். சூயஸ் கால்வாயில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களை வெளியே எடுக்கிறார்களாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்களாம்.

கடையில் நின்ற எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

"ஏன்டாப்பா, நம்ம சுப்பையாண்ணனுக்கு ஆள் அனுப்பலையா?"

"அவரு போனா பொழுது சாயிறதுக்குள்ள முடிச்சிருவாரே!"

உலகச் செய்திக்கு இப்படிச் சிரிக்கலாமா? காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

சுப்பையா, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த காம்பராவில் இருப்பவர். தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வெட்டிவிடும் வாய்க்காலுக்குத்தான் கான் என்று பெயர். கால்வாய் என்றெல்லாம் இங்கே யாரும் சொல்வதில்லை.

அவர் மனைவி பாக்கியத்துக்கு டிபி. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள் — ஒரு கண்டிப்போடு. ஊசியை விடாமல் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாதான் ஊசி போட்டு வந்தார்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் மருந்து தீர்ந்தது.

டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். "சூயஸ் கால்வாய் அடைபட்டுப் போச்சு. மருந்து வாறதுக்குச் சுணங்கும்" என்று சுப்பையாவிடம் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

அது சுப்பையா காதில் எப்படி விழுந்தது தெரியுமா? சூசை கான் அடைபட்டுப் போச்சு!

எங்கள் தோட்டத்தில் சூசைக் கங்காணி என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆட்கள் வேலை செய்யும் மலைக்குச் சூசை மலை என்றே பெயர். அதன் கான், லொறி வரும் ரோட்டை ஒட்டி இறங்குகிறது. அடைமழைக் காலம். கான் அடைத்தால் தண்ணீர் ரோட்டில் பாயும். ரோடு அறுந்தால் லொறி வராது. லொறி வராவிட்டால் மருந்து வராது... சுப்பையாவின் யோசனையில் என்ன பிழை?

ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு போனார். சூசை மலைக் கானை மேலிருந்து அடிவரை வாரி எடுத்தார். மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றார்.

"அடைப்பு எடுத்தாச்சுங்க. மருந்து வந்திருச்சுங்களா?"

"என்ன அடைப்பு? இப்ப போ, பிறகு வா."

பிறகும் போனார். மருந்து வரவில்லை. பாக்கியம் மறுபடி இருமத் தொடங்கினாள். சுப்பையாவுக்குப் பொறுக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சூசைக் கங்காணியைப் பிடித்துக்கொண்டார். நான் இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனால் பெரட்டுக்களம் எங்கள் லயத்துக்கு நேர் கீழே. கதவுக்குப் பின்னால் நின்றே எல்லாம் கேட்கலாம். நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிற எனக்கு அதுதான் வசதி.

"கங்காணியாரே, ஒங்க கான் மறுபடி அடைச்சிக்கிருச்சா?"

"எங் கானு ஏன்யா அடைக்குது? நீதான் யாருக்கும் சொல்லாம வந்து நோண்டிட்டுப் போயிருக்க. ஒன்னைய யாரு கேட்டா?"

"எம் பொண்டாட்டிக்கு மருந்து வரணும்!"

"மருந்துக்கும் எம் மலைக்கும் என்னய்யா? காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு வந்துட்டியா?"

"போட்டது நீரு! சூசை கான்னு பேரு சொல்லியே சொன்னாரு டிஸ்பென்சர் ஐயா!"

சத்தம் கேட்டுத் தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். இங்கிலாந்துக்காரர். விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார். பாக்கியம் என்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"சூசை இல்லே, சுப்பையா. சூயஸ். எகிப்து தேசம். ரொம்ப தூரம்."

"அங்கிட்டும் கானுங்களா, தொரை?"

"கான்தான். பெரிய கான். இங்கே இருந்து கொழும்பு. அவ்வளவு நீளம். அதுலே கப்பல் போகும்."

என்னை அறியாமல் நான் கதவை விட்டு வெளியே வந்துவிட்டேன். கொழும்பு வரைக்குமா! ரயில் வளைந்து வளைந்து, குகைக்குள் புகுந்து இறங்கினாலும் முடியாத அந்த வழி முழுக்க ஒரே கானா? அதற்குள் கப்பலா?

சுப்பையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "வாட்டம் எப்புடிங்க புடிச்சாங்க?"

வாட்டம் என்றால் சரிவு. வாட்டம் பிடிக்காத கானில் தண்ணீர் ஓடாது.

"வாட்டம் இல்லே" என்றார் துரை. "இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் கடல். ரெண்டும் சமம்."

"வாட்டமே இல்லாத கானா..."

சுப்பையா அப்படியே குந்திவிட்டார். சூசைக் கங்காணியும் சண்டையை மறந்து அவர் பக்கத்தில் குந்தினார். "மனுசன் வெட்டுனதா சுப்பையா? இல்ல, பூதம் கீதம் வெட்டுச்சா?"

மனிதர்கள்தான் வெட்டினார்களாம். பாலைவனத்தில், மண்வெட்டியும் கூடையும் கொண்டு தொடங்கினார்களாம். டிஸ்பென்சர் ஐயாவிடம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சுப்பையா ஒன்றுதான் கடைசியாகக் கேட்டார். "அப்ப மருந்து, தொரை?"

"கப்பல் ஆப்பிரிக்கா சுத்தி வரும். லேட்." துரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யார் நாட்டு விமானம் அங்கே குண்டு போட்டது என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அத்தனை பாடுபட்டு வெட்டிய கானை என்ன செய்தார்கள் பாருங்கள். இது என்னுடையது என்றது எகிப்து. விடமாட்டோம் என்றன இங்கிலாந்தும் பிரான்சும். இஸ்ரேல் ஒரு பக்கத்தால் புகுந்தது. வானத்திலிருந்து குண்டு விழுந்தது. எகிப்து கப்பல்களைக் கானுக்குள்ளேயே அமிழ்த்தி வழியை அடைத்தது. என் கட்சி எது என்று கேட்கிறீர்களா? கான் யார் மண்ணில் ஓடுகிறதோ அவர்களுடையது! இதைத் துரையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

இலங்கையா இந்தியாவா, எங்களுக்கு எந்த நாடு என்பதே இன்னும் முடிவாகவில்லை. வோட்டுக்கு ஆள் எண்ணும்போது எங்கள் லயம் யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கேயோ குண்டு விழுந்தால் மட்டும், அது எப்படியோ வழி கேட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

கார்த்திகை போனது. மார்கழிப் பனி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கூடிக்கொண்டே போனது. டிஸ்பென்சர் ஐயா தானே பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய்ப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார். சுப்பையா பேப்பர் படிக்கத் தெரிந்த யாரைக் கண்டாலும், "கப்பல் இப்ப எங்கன வருதுங்க?" என்று கேட்பார். பொங்கலுக்கு அவர்கள் வாசலில் பானை வைக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் லொறியில் பெட்டி வந்தது.

பாக்கியத்தைக் கைத்தாங்கலாக நான்தான் கூட்டிப்போனேன். டிஸ்பென்சர் ஐயா சின்ன மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பார் பிள்ளை, ஆப்பிரிக்கா முழுக்கச் சுத்திப்போட்டு வந்திருக்கு!"

பாக்கியம் ஊசிக்குக் கையை நீட்டவில்லை. "கொஞ்சம் எங்கையில குடுங்கய்யா" என்றாள். திருநீறு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்துனூண்டு போத்தலு... அம்புட்டுக் கடலையும் பாத்துட்டு வந்திருக்கு, அத்தே. நான் கொழும்புகூடப் பாத்ததில்ல."

குண்டு போட்டவனுக்குப் பாக்கியம் யாரென்று தெரியாது. அத்தனை கடலையும் சுற்றிக் கப்பல் ஓட்டி வந்தவனுக்கும் தெரியாது. இரண்டு பேருடைய கையும் எங்கள் லயம் வரை நீண்டிருக்கிறதே! இந்த உலகத்தை என்னவென்று சொல்வது?

நான் எழுதியதில் பிழை இருக்கலாம். அந்தக் கால்வாய் நிஜமாகவே கொழும்பு வரைக்குமான நீளம்தானா, வாட்டம் இல்லை என்று துரை சொன்னது சரியா, முதல் குண்டு யாருடையது — தெரிந்தவர்கள் தயவுசெய்து சரிபார்த்து எழுதுங்கள்.

பாக்கியம் தேறிவிட்டாளா என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். இன்று காலை குடத்தோடு தண்ணீர் பிடிக்க நிற்கும் பீலியில், "மொதல்ல வந்தவ நானு, ஒங்க கொடத்தத் தள்ளி வையுங்க அத்தே!" என்று லயமே கேட்கக் கத்தினாள்.