ஆர்ச்வே மண்டபத்தில் ஓர் ஒலிவத் தோட்டம்

வருகிற ஒக்டோபரில் மேற்குக் கரையில் மூன்று கிழமை ஒலிவ அறுவடைக்குப் போக விண்ணப்பித்திருந்தேன். பலஸ்தீன விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் காய் பறிக்கும்போது வெளிநாட்டுத் தொண்டர்கள் கூட நின்று பறிப்பார்கள். ஆயுதம் கிடையாது, கோஷமும் கிடையாது. வெளியாரின் கண் இருக்கிறது என்றால் விரட்ட வருகிற இராணுவமும் குடியேற்றக்காரர்களும் சிலவேளை கை ஓங்கத் தயங்குவார்கள் என்ற நம்பிக்கை மட்டுந்தான். இப்படிப் போகிறவர்கள் முதலில் லண்டனில் ஒரு நாள் பயிற்சிக்கு வர வேண்டும். அன்று பின்னேரமே போகலாமா இல்லையா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். செப்டெம்பரின் முதல் சனிக்கிழமை நான் அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

அமைப்பின் பெயரை எழுதவில்லை, ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நுழையும் இடத்தில் இஸ்ரேலிய அதிகாரிகள் இணையத்தைத் துழாவிப் பார்த்து ஆட்களைத் திருப்பி அனுப்புவது வழக்கம்.

ஏன் போகிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். என்னைப் பெற்ற ஐயாவின் வெங்காயத் தோட்டம் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. கடைசிவரை அவர் வேலிக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் இருந்து செத்தார். அந்த வேலியடியில் அவரோடு நிற்க வெளியார் ஒருவரும் வரவில்லை. இரண்டு நாட்டுக் கதையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. வராதவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடு லண்டன் சட்டனில் சும்மா இருப்பதைவிட நானே போகிற ஆளாக இருந்துவிடலாம் என்று தோன்றியது. நான் எதையும் இலேசில் மறக்கிறவன் அல்லன். பிரிவுத் தலைவர் பதவியை மூன்று முறை என்னைத் தாண்டிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில்தான் இன்னமும் பௌதிகம் படிப்பிக்கிறேன், அந்த மூன்று பேரின் முகத்தையும் தினமும் பார்த்துக்கொண்டு.

புறப்படும்போது மனைவி கதவடியில் நின்றார்.

“அங்கை போயும் ஆரோடையும் கொழுவாதேங்கோ.”

“நான் ஆரோடை கொழுவிறனான்?”

“சொல்லத் தொடங்கினால் உங்கடை பஸ் போயிடும்.”

சட்டனில் இருந்து ஆர்ச்வே, லண்டனின் தென்கோடியில் இருந்து வடக்குக்கு, ஏறக்குறைய பதினைந்து மைல். விக்டோரியா வழியாகப் போனால் கொஞ்சம் விரைவு. நான் மலிவான வழியில் போனேன். காலை 7.40க்கு 154ஆம் இலக்க பஸ்ஸில் மோர்டன், கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். அங்கிருந்து நோர்தர்ன் லைன். பாங்க் வழியாக ஹை பார்னெட் போகும் ரயிலைப் பார்த்து ஏறினால் இடையில் மாற வேண்டியதில்லை. மோர்டன் தொடக்க நிலையம் என்பதால் இருக்க இடம் நிச்சயம். ஒன்பதரைக்கு முன் ஆர்ச்வேயில் இறங்கிவிட்டேன். சனிக்கிழமை என்பதால் போய்வர மொத்தச் செலவு பதினொரு பவுணுக்குள் அடங்கியது. நேரம் இருந்ததால் ஆர்ச்வே வீதியின் ஏற்றத்தில் நடந்து முருகன் கோவில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஏறும்போது முழங்கால் முறையிடும், இறங்கும்போது மன்னித்துவிடும்.

பயிற்சி ஒரு பழைய தேவாலய மண்டபத்தில். உள்ளே ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகு போதும். பதினொரு வருடமாக நான் பேசாத மனிதர் அவர். சிவபாலன் என்று வைத்துக்கொள்வோம். தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்.

விசயம் இதுதான். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில், ஒன்பது வருடம் அதிபராக இருந்த எனக்கு, தலைமையுரையை எடுத்துவிட்டு நன்றியுரையைத் தந்தார்கள். சனம் எழும்பி வடை இருந்த மேசையடிக்குப் போய்விட்ட நேரத்தில் பேசுகிற உரை அது. அதையும் நான் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தபோது விழாச் செயலாளர் மைக்கை நிறுத்திவிட்டார். அந்தச் செயலாளர்தான் இந்தச் சிவபாலன்.

“ஓ, மாஸ்டர். நீங்களும் வாறியளோ?”

“உமக்கு இஞ்சை என்ன வேலை?”

“போன வருசம் அறுவடைக்குப் போட்டு வந்தனான். இப்ப பயிற்சிக்கு வந்து ஆமிக்காரனாய் நடிக்கிறன்.”

“உமக்குப் பொருத்தந்தான்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்,” என்றார், மனம் நோகாமல்.

இவர் எனக்கு முன்னமே போய்வந்தவர் என்பதே எனக்குத் தாங்கவில்லை. போதாததற்கு, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் மூவரில் இவரும் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் ரூத், பயிற்சியை நடத்துகிறவர். வட லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைத் தானே முதலில் சொன்னார். அடுத்தவர் சமீரா, குறொய்டனில் மருந்தாளர். அவருடைய மாமாவின் தோட்டம் நாப்லுஸ் பக்கம் இருக்கிறது.

பத்து மணிக்குத் தொடங்கினோம். நாங்கள் பன்னிரண்டு பேர். கதிரைகள்தான் மரங்கள். அவற்றின் முதுகில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளைக் கவ்வவிட்டிருந்தார்கள், அவைதான் ஒலிவங்காய். கீழே காய் விழுவதற்கு ஒரு படங்குச் சீலை விரித்திருந்தது. சமீரா வாளியோடு விவசாயி. சிவபாலன் ஒரு கறுத்தத் தொப்பி போட்டு, துவக்குக்குப் பதிலாக நிலம் கூட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிரிப்பு வரவில்லை. அவர் நடந்து வந்த விதத்தை நானும் அவரும் ஊரில் ஒரே இராணுவக் காவலரண்களில் பார்த்திருக்கிறோம்.

“இந்த இடம் மூடப்பட்டுவிட்டது. எல்லோரும் வெளியே போங்கள்,” என்றார் ஆங்கிலத்தில்.

நான் முன்னுக்குப் போனேன். எந்த உத்தரவு, யார் கையெழுத்து, எந்தத் திகதி என்று கேட்டேன். ஆக்கிரமிப்பில் உள்ள நிலம் பற்றிச் சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது என்று இரவிரவாகப் படித்துக்கொண்டு போனதை ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். சிவபாலன் தும்புத்தடியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். பதினொரு வருடத்தில் இவ்வளவு நல்ல காலையை நான் கண்டதில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய்ச் சமீராவின் வாளியைக் காலால் உருட்டிவிட்டார். ரூத் நிறுத்தச் சொல்லி மணியை அடித்தார்.

“நன்றாக வாதாடினீர்கள், வென்றும் விட்டீர்கள்,” என்றார் சமீரா. “என் வாளியைப் பாருங்கள்.”

உருண்ட வாளிக்குள் மூன்று கிளிப்புகள் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“தோற்ற ஆமிக்காரன் உங்களை என்ன செய்வான்? கூடினால் விமானத்தில் ஏற்றி அனுப்புவான். தோற்ற கோபத்தை என் மாமாவில் தீர்ப்பான். நீங்கள் லண்டன் வந்து சேர்ந்த பிறகும் தீர்ப்பான்.”

ரூத் மென்மையாகத்தான் சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்போம், அப்போதும் இப்படியென்றால் உங்களை அனுப்ப முடியாது என்று.

சாப்பாட்டு நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட நினைத்தேன். ஐம்பத்தேழு வயதில், படித்த மனிதன், தும்புத்தடிக்கு முன்னால் சித்தியடையவில்லை. மனைவி தந்துவிட்ட பிட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். சிவபாலன் கடையில் இருந்து மீன் ரோல்ஸ் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கு முன்னாலும் இரண்டு வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை. சமீரா அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

“உங்கள் மாமாவும் கோபக்காரரா?” என்று கேட்டேன்.

“அவருக்குக் காது மந்தம். நீங்கள் சொல்லும் சட்டம் ஒன்றும் அவருக்குக் கேட்காது. அவர் ஆளின் கையைத்தான் பார்ப்பார், எவ்வளவு வேகமாகப் பறிக்கிறது என்று.” ரோல்ஸைக் கடித்துவிட்டுத் தொடர்ந்தார். “பேச வேண்டியதை எல்லாம் திரும்பி வந்து இங்கே பேசுங்கள். உங்கள் எம்.பி.யிடம் பேசுங்கள். அங்கே அவருக்குத் தேவை அந்தப் பருவத்துக் காய்.”

அவர் எழுந்து போன பிறகு மற்ற ரோல்ஸை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

இரண்டு மணிக்கு இரண்டாம் முறை. இந்தத் தடவை நான் சொல்லக்கூடியது இரண்டே வசனம். ‘நாங்கள் காய் பறிக்கிறோம்.’ ‘எப்போது திரும்பி வரலாம்?’ மற்றபடி சமீராவுக்கும் தும்புத்தடிக்கும் இடையில் நின்று பறிக்க வேண்டும். சிவபாலன் முதலில் ஆங்கிலத்தில் கத்திப் பார்த்தார். நான் முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு கிளிப்பைக் கழற்றினேன். அவர் கிட்ட வந்து, தொப்பி என் நெற்றியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, தமிழுக்கு மாறினார்.

“என்ன மாஸ்டர், மைக் வேணுமோ?”

நான் இரண்டாவது கிளிப்பைக் கழற்றினேன்.

“நன்றியுரை ஏதும் இருக்கோ? இண்டைக்கு ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டினம். வடை இல்லை.”

பதினொரு வருடமாகத் தீட்டி வைத்த மறுமொழி நாக்கின் நுனியில் நின்றது. பின்னால் சமீராவின் கிளிப்புகள் வாளிக்குள் விழும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்தால் அது நின்றுவிடும்.

“ஐயாவின்ரை காணியடிக்கு ஒருத்தரும் வரேல்லை எண்டு விண்ணப்பத்திலை எழுதியிருக்கிறியள். நீங்கள் எங்கை நிண்டனீங்கள்? லண்டனிலைதானே?”

அகதி விண்ணப்பம் முடிவாகாதவன் எப்படித் திரும்பிப் போவான்? அந்த நாட்களில் அவரும் என்னைப் போலவே அந்த முடிவுக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்தான். இதற்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி நியாயமானது, சரியானது, நீளமானது. வாளிக்குள் இன்னொரு கிளிப் விழுந்தது. அடுத்த கதிரைக்கு நகர்ந்தேன்.

“எப்போது திரும்பி வரலாம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

சிவபாலன் நிமிர்ந்து தும்புத்தடியைத் தோளில் போட்டார். பிறகு, “அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொல்லித் திரும்பி நடந்தார். ரூத் மணி அடித்தபோது சமீரா வாளியைச் சரித்துக் காட்டினார். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

தீர்மானிக்க மூவரும் தேநீர் போடும் குசினிக்குள் போனார்கள். நான் கதிரைகளில் மிச்சமிருந்த கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வேறு எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை. நாலு மணியளவில் ரூத் வந்தார்.

“நீங்கள் போகலாம். முதலில் கை உயர்த்தியவர் சிவபாலன். ஆனால் நாங்கள் சோடி சோடியாகத்தான் அனுப்புகிறோம், ஒருவர் மற்றவரை விட்டு விலகக் கூடாது. இந்த முறையும் அவர் போகிறார். உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கிறது.”

“அது மட்டுந்தான் பொது,” என்றேன். ரூத் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

லண்டன் பிரிட்ஜ் வரை இருவருக்கும் ஒரே ரயில். பக்கத்தில் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஓல்ட் ஸ்ட்ரீட்டில் அவர்தான் தொடங்கினார்.

“அந்தக் காணிக் கதை கூடிப்போச்சு, மாஸ்டர்.”

“ஆமிக்காரன் அதுக்கு மேலையும் சொல்லுவான்.”

“எங்கடை காணியும் அந்த வேலிக்கு உள்ளுக்கைதான் கிடந்தது. எனக்கும் சேத்துத்தான் சொன்னனான்.”

மூர்கேட்டில் கதவு திறந்து மூடியது.

“சரி, மைக்கை என்னத்துக்கு நிப்பாட்டினனீர்?”

“ஹோல்காரன் பூட்டுறதுக்குத் திறப்போடை கதவடியிலை நிக்கிறான். நீங்கள் இருபத்திரண்டு நிமிசம் நன்றி சொல்லுறியள்.”

“நன்றி சொல்லவேண்டிய ஆக்கள் அவ்வளவு பேர்.”

“என்ரை பேர் மட்டும் அதுக்குள்ளை வரேல்லை.”

“வர இருந்தது. நீர் நிப்பாட்டிப்போட்டீர்.”

அது உண்மை. அவருடைய பெயர்தான் கடைசிப் பெயர். சிவபாலன் லண்டன் பிரிட்ஜில் இறங்கும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், எதிரில் இருந்த பெண் இடம் மாறி இருக்கும் அளவுக்கு. நான் சிரிக்கவில்லை. மோர்டன் வரை சன்னலில் தெரிந்த என் முகம் வேறு மாதிரிச் சொன்னது.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். சனி, ஞாயிறுகளில் நோர்தர்ன் லைனின் ஏதாவது ஒரு பகுதியை மூடி வைப்பார்கள், முதல்நாளே பாருங்கள். மண்டபத்தில் குளிர், கம்பளிச் சட்டை கொண்டுபோங்கள். இஸ்ரேலின் நுழைவு அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். எடுத்தாலும் நுழையும் இடத்தில் திருப்பி அனுப்பலாம், ஆகவே காசு திரும்பக் கிடைக்கிற விமானச் சீட்டையே வாங்குங்கள். பிரித்தானிய வெளியுறவு அமைச்சின் பயண எச்சரிக்கையைக் கட்டாயம் வாசியுங்கள். அதை மீறிப் போனால் காப்புறுதி செல்லாமல் போகலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என் மனைவிக்குச் சோடி யார் என்று சொன்னபோது, “அப்ப நான் ஆமிக்காரனுக்குப் பயப்பிடத் தேவையில்லை,” என்றார்.

சட்டம் படித்துக்கொண்டு போங்கள், தப்பில்லை. பேசுவதற்கு இங்கே எம்.பி. இருக்கிறார். அங்கே பேச்சைவிட விரல்கள்தான் வேண்டும். நான் தினமும் பின்னேரம் கதிரை முதுகில் கிளிப்புகளைக் கவ்வவிட்டுப் பறித்துப் பழகுகிறேன். காணிக் கதைக்கு உரிய மறுமொழி தயாராகவே இருக்கிறது. நன்றியுரையில் ஒரு பெயரும் பாக்கி இருக்கிறது. பதினொரு வருடம் கெடாமல் இருந்தவை இன்னும் சில கிழமைக்குக் கெட்டுவிடாது. காய் முழுவதும் சமீராவின் மாமா, அந்தக் காது மந்தமான கிழவரின் வாளிக்குள் விழட்டும், இரண்டையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.