தலைக்குப் பின்னால் கம்பம்

வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து டீக்கடையில் நிற்கிறது. மரவள்ளிக் கிழங்கைக் குவித்து லாரிக்குக் காத்திருக்கும் பெண், கணவருக்கு அனுப்பப் படம் எடுத்துத் தரும்படி, பேருந்திலிருந்து இறங்கி நிற்கும் என்னிடம் தன் செல்போனை நீட்டுகிறார். பின்னாலிருக்கும் மின்கம்பம் தலையில் முளைத்ததுபோல் தெரிந்தால் படம் கெட்டது என்பது புகைப்படக் கலையில் என் பாலபாடம். அவரை நான்கடி தள்ளி நிறுத்தி, பச்சை மலை மட்டும் தெரிய எடுக்கிறேன்.

பார்த்ததும் அவர் முகம் சுருங்குகிறது. “இன்னா சார், கம்பத்த வுட்டுட்டீங்க? போன வாரந்தான் வூட்டுக்கு கரண்டு வந்துச்சு. அவரு கேரளாவுல மொளகு பறிச்சுக்கினு இருக்காரு. சொன்னா நம்ப மாட்டேங்கறாரு.”

மறுபடியும் கம்பத்தடிக்கே போய் நிமிர்ந்து நிற்கிறார். கம்பி சாலையோரத்து அவர் வீட்டைத் தொடும் இடமும் வரவேண்டுமென்று நான் சேற்றில் மண்டியிடுகிறேன். கம்பம் நேராக அவர் தலையிலிருந்துதான் எழுகிறது.