ஸ்வர்ணலதா சொன்ன காற்று

ஆரணி கொசப்பாளையத்தில் ஸ்வர்ணலதா என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தவர்கள் குறைவு. கீழே அவளுடைய அப்பா வேணுகோபாலின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். மாடியறையில் அவள் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். ஒருநாள் எதிர்வீட்டு ரங்கம்மாள் விடவில்லை.

"நாளைக்கு எவ்ளோ காத்து அடிக்கும்னு சொல்ற வேலை, அக்கா."

"அய்ய, இதுக்கெல்லாமா ஆபீசு வெச்சிருக்காங்க?" என்று ரங்கம்மாள் சிரித்தாள்.

வைத்திருந்தார்கள். தெற்கே கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஓயாமல் சுற்றும். மலைக் கணவாய்களில் நுழைந்து வரும் காற்று இறக்கைகளைத் திருப்பும். கோபுரத்தின் உச்சியில், ஒரு வேன் அளவுள்ள பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் அந்த மெதுவான சுழற்சியை வேகமாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். அப்படி வரும் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தேக்கி வைக்க வழியில்லை. பிறந்த நொடியிலேயே எங்கோ ஒரு பம்புசெட்டோ, ஆரணியில் ஒரு தறியோ அதை இழுத்துக்கொள்ள வேண்டும். காற்று கூடினால் அனல்மின் நிலையங்களைத் தணிக்க வேண்டும். காற்று விழுந்தால் அணைகளிலிருந்து தண்ணீரைத் திறந்து ஈடுகட்ட வேண்டும். அனல்மின் நிலையத்தை நினைத்த மாத்திரத்தில் ஏற்றி இறக்க முடியாது என்பதால், சென்னையில் இருக்கும் மின் கட்டுப்பாட்டு மையத்துக்கு நாளைய காற்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஓர் எண்ணாக.

அந்த எண்களைத் தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் ஸ்வர்ணலதா இயற்பியல் படித்து முடித்ததும் சேர்ந்தாள். கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது ஆரணிக்கு வந்தவள், பிறகு திரும்பிப் போகவில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் வானிலை மாதிரிகள் காற்றின் வேகத்தைச் சொல்லும். அதை மின்சாரமாக மாற்றுவதில்தான் தலைவலி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரம் எட்டு மடங்காகும். வேகத்தில் சின்னதாகத் தப்பினாலும் மின்சாரத்தில் அது பெரிய ஓட்டையாகத் தெரியும். அதனால் எந்த எந்திரம் ஓடுகிறது, எது பழுதாகி நிற்கிறது என்று தினமும் காலையில் காற்றாலைப் பண்ணைக்குப் போன் செய்து கேட்பாள்.

அந்தப் போனை எடுத்தவன்தான் தமிழ்வாணன். மெக்கானிக்கல் டிப்ளமா படித்த டெக்னீஷியன்.

"இன்னா சார், ஏழாம் நம்பர் மிஷின் நேத்துலேர்ந்து நின்னுகினே இருக்குது?"

"மேடம், நீங்க ஆரணியா, வேலூரா?"

"எப்பிடித் தெரியும்?"

"இங்க எவனும் 'நின்னுகினு'ன்னு சொல்லமாட்டான். நான் போளூரு."

அதன்பிறகு எந்திரத்தின் நிலவரம் கேட்க ஆகும் நேரம் நாளுக்கு நாள் நீண்டது. காற்று திசை மாறும்போது அந்தப் பெட்டி முழுதும் முனகிக்கொண்டே திரும்புவதை அவன் சொல்வான். மேலே நின்றால் மழை தன்னை நோக்கி நடந்து வருவது தெரியும் என்பான். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் நிற்கும் இடத்தின் காற்று அவளுக்கு மனப்பாடம். வேணுகோபால் முதலில் முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. கல்யாணம் ஆரணியில் நடந்தது. வடக்கே காற்றாலை கிடையாது. ஆகவே அவன் கயத்தாற்றிலும் அவள் ஆரணியிலுமாக இருந்தார்கள். சீசன் முடிந்தால் அவன் நீண்ட லீவில் வருவான். மற்ற நாட்களில் போன்தான்.

கல்யாணமான மறு வருஷம், புரட்டாசிக் கடைசி. ஏழாம் எந்திரத்தின் உச்சியில் இருந்த காற்றுமானி தப்புத்தப்பாகக் காட்ட ஆரம்பித்தது. அதனால் அவள் கணக்கு உதைத்தது. மாற்றச் சொல்லி அவளே கேட்டிருந்தாள். காற்று ஓய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துத்தான் பண்ணை மேலாளர் பொன்னுசாமி ஆட்களை மேலே ஏற்றுவார். ஒரு காலையில் தமிழ்வாணன் கூப்பிட்டான்.

"மத்தியானம் ஏறலாம்னு பொன்னுசாமி சார் சொல்றாரு. காத்து எப்பிடி இருக்குது?"

அவள் மாதிரிகளைப் பார்த்தாள். எல்லாம் ஒன்றையே சொல்லின. "செகண்டுக்கு நாலு மீட்டரத் தாண்டாதுங்க. தாராளமா ஏறுங்க."

"சரி. உன் காத்து மீட்டர மாத்திட்டுதான் சாப்பாடே."

மதியம் அவள் கையில் தட்டோடு திரையின் முன் இருந்தாள். ஏழாம் எந்திரத்தை நிறுத்தியிருந்ததால் அதன் கோடு தரையோடு கிடந்தது. அதன் இரு பக்கமும் இருந்த எந்திரங்களின் கோடுகள் திடீரென்று செங்குத்தாக எழுந்தன. மலைப்பக்கம் கட்டிய இடிமேகம் ஒன்று உடைந்து, அதன் குளிர்காற்று தரையோடு பாய்ந்து வந்திருந்தது. நாலு மீட்டர் பதினேழாக நிமிஷங்கள்தான் ஆயின. அவள் போன் செய்தாள். அவன் விட்டுப்போன போன் கோபுரத்துக்குக் கீழே இருந்த அறையில் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது.

தமிழ்வாணன் பெட்டியின் மேற்கூரையில் இருந்தான். உடம்பில் பாதுகாப்பு வார் கட்டியிருந்ததால் தரைக்கு விழவில்லை. காற்று அவனை விளிம்புக்கு அப்பால் தள்ளியது; வாரில் தொங்கியபடி முதுகு கோபுரத்தில் போய் மோதியது. கூட ஏறியிருந்த ஜெயவேல் பெட்டிக்குள்ளிருந்து கயிறு போட்டு இறக்கினான். இறக்கும்போதே, "காலு தெரியலடா" என்றானாம் தமிழ்வாணன். அதற்குப் பிறகு அவனுக்குக் கால் தெரியவே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபோது சென்னை அலுவலகத்திலிருந்து அவளுடைய மேலதிகாரி பரிமளா கூப்பிட்டாள். "உன் கணிப்புல தப்பே இல்லம்மா. நாள் முழுசுக்கும் பார்த்தா ரொம்ப நல்ல கணக்கு. இடிமேகக் காத்து எந்த மாடல்லயும் வராது. மனசப் போட்டு வருத்திக்காதே."

யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்றிருந்தது ஸ்வர்ணலதாவுக்கு. பொன்னுசாமி தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமியார் விதி என்றாள். ஒருவரும் திட்டவில்லை.

ஆரணிக்குக் கொண்டுவந்தார்கள். மாடி ஏற முடியாது என்பதால் தறிக்குப் பக்கத்து அறையில் கட்டில். படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டார் வைத்த காற்று மெத்தை. கரண்ட் போனால் மெத்தை அமுங்கிவிடும். அவளும் அப்பாவுமாக அவனைப் புரட்டிப் போடுவார்கள். ஆரம்பத்தில் அவன் காலையில் எழுந்ததும், "அங்க காத்து எப்பிடி?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அடுத்த வைகாசியில் அவளாகவே போய், "சீசன் ஆரம்பிச்சிருச்சுங்க" என்றபோது அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இனிமே சொல்லாத."

வேலையிலும் அவளுக்குக் கை வரவில்லை. காற்று குறையும் என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றுவிடும். எழுதினால் யாரோ ஏறுவார்கள் என்று தோன்றும். எண்ணை உயர்த்திப் போடுவாள். சொன்ன காற்று வராமல், மின் கட்டுப்பாட்டு மையம் பற்றாக்குறையைச் சமாளிக்க அங்குமிங்கும் ஓடியது. இரண்டு முறை பொறுத்த பரிமளா, கயத்தாற்றை அவள் கையிலிருந்து எடுத்து மென்பொருளிடம் கொடுத்தாள். "நீ சரிபார்த்தா போதும்மா." மென்பொருள் தயங்காமல் குறைத்துப் போட்டது. பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் தமிழ்வாணன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான்.

"என்னை போளூர்ல சரவணன் வீட்டுல உட்டுடு." சரவணன் அவன் தம்பி.

"நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பேஜாரு. நீ எதுவும் பண்ணலன்னு எனக்குத் தெரியுது. ஆனா மாடிலேர்ந்து நீ எறங்கி வர்ற சத்தம் கேட்டாலே, 'ஏறுங்க'ன்னு சொன்னது காதுல கேக்குது. நானும் எவ்ளோ நாள் பாத்துட்டேன். போவல."

அவள் அழவில்லை. கேட்கக் காத்திருந்த திட்டு இப்படி வந்திருந்தது. வாங்கிக்கொண்டபின் அதனால் ஒரு ஆறுதலும் இல்லை என்று தெரிந்தது.

வேனில் கட்டிலோடு கொண்டுபோய் விட்டார்கள். மெத்தை மோட்டாரை எப்படிப் போடுவது, எந்தப் பக்கம் முதலில் புரட்டுவது என்று சரவணனின் மனைவி துர்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் களம்பூர் வழியாகப் பஸ்ஸில் போவாள். நகம் வெட்டிவிடுவாள், காலைத் துடைத்து எண்ணெய் தடவுவாள். அவனுக்கு அது தெரியாது, பார்த்துக்கொண்டிருப்பான். ஆடியில் ஒரு ஞாயிறு, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேலைய உட்டுட்டேன்னு வெச்சுக்கோங்க. வந்துடுவீங்களா?"

"உட்டுட்டு இன்னா பேசுவோம் சொல்லு? நமக்குள்ள இருந்த பேச்சே அது ஒண்ணுதான."

துர்கா டீ கொண்டுவந்தாள். ஸ்வர்ணலதா அதை வாங்கி, அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அவன் முழுதும் குடித்தான். வாயைத் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். "பாத்துப் போ" என்றான். வேறெதுவும் சொல்வானோ என்று வாசலில் கொஞ்சம் நின்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.