முகம் வெளியே வரும் மடிப்பு

கொட்டகலைக் கடைத்தெருவில் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கும் காகிதத்தை அழகம்மா எறிந்ததே இல்லை. எல்லாம் பழைய பத்திரிகைத் தாள்கள். வெறும் எழுத்தாக இருந்தால் அடுப்புக்கு. படம் இருந்தால் தலையணைக்கு அடியில். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அதைத் தொடுவாள். தாமரை மடிக்க அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் சிலருக்குத் தெரியும். ஆனால் படத்திலிருக்கும் முகம் தவறாமல் பூவின் நடுவில் வந்து உட்கார வேண்டுமென்றால் அழகம்மாதான் மடிக்க வேண்டும்.

"அக்கா மடிச்சா மந்திரியும் பூவுக்குள்ள வண்டு மாதிரி உக்காந்துருவாரு" என்று சிரிப்பாள் தங்கை ராக்காயி. பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாளே தவிர, ஒரு நாளும் மடித்ததில்லை.

ஐம்பத்து நாலில் ராக்காயியின் புருசன் வீரய்யா, இலங்கையை விட்டுக் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான். போவதற்கு முன் அக்காவும் தங்கையும் ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது ஒரே படம். இன்னொன்று போடச் சொல்லிப் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. போட்டோக்காரரும் கப்பலேறிவிட்டாராம்.

"கத்தரிக்கோல எடுங்க மதினி. ஆளுக்குப் பாதி" என்றான் வீரய்யா.

"உசுரோட இருக்கிறவங்க படத்த யாராச்சும் வெட்டுவாங்களா?" என்று பதறினாள் அழகம்மா. தங்கையின் கையிலேயே அதைத் திணித்தாள். "நீ கொண்டு போடி. ஒன் மொகம் எனக்கு மறந்தா போகும்?"

மறந்துதான் போனது. நாலைந்து வருடம் அந்த முகம் கேட்காமலே வந்து நின்றது. பிறகு கூப்பிட்டால்தான் வந்தது. அப்புறம் கூப்பிட்டாலும் மூக்குத்தியும் பின்னலும் மட்டும் வந்தன, முகம் வரவில்லை.

"ஏங்க, ராக்காயிக்குக் குழி கன்னத்துலயா, நாடியிலயா?" என்று புருசன் நல்லமுத்துவிடம் கேட்டாள்.

"கொழுந்தியா கன்னத்த நான் ஏன் பாக்கப் போறேன்? பாத்திருந்தா நீ சும்மா விட்டுருப்பியாக்கும்!"

அதிலிருந்து, சீனி சுற்றிய தாளில் எந்தப் பெண் வந்தாலும் அவளைத் தாமரைக்குள் உட்கார வைத்துப் பார்த்தாள். ஒருத்திக்கு நெற்றி ஒத்திருந்தது, ஒருத்திக்கு உதடு. ஆசையோடு கிட்டே கொண்டுபோனால் முகம் கலைந்து வெறும் கறுப்புப் புள்ளிகளாகிவிடும்.

அறுபத்திரண்டு பங்குனியில் ஒரு தபால் வந்தது. உள்ளே கனத்த காகிதத்தில் தட்டையாக ஒரு தாமரை. அதன் நடுவிலிருந்து அழகம்மாவைப் பார்த்தது அழகம்மாவின் முகமேதான், அடுப்புப் புகையில் பழுத்துக் கறுத்து. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அக்கா, போட்டோவ சோத்துப்பானை ஆவியில காட்டித்தான் மடிச்சேன். அப்படியும் வெடிச்சிருச்சு. ஒன் மொகம் மட்டும் வெளிய வர்ற மாதிரி மடிச்சு எட்டு வருசமா பாத்துட்டேன். இனி எட்டு வருசம் என் மொகம் வெளிய வர்ற மாதிரி நீ மடிச்சு வெச்சுக்க. பொறவு எனக்கு அனுப்பு."

மடிப்பை மெல்லப் பிரித்தாள். பின்பக்கத்து மடிப்புக்குள் இருந்ததால் ராக்காயியைப் புகை தீண்டவேயில்லை. போட்டோக்கடைத் திரைக்கு முன்னால் நின்றபடி, அதே பதினெட்டு வயதில், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். குழி கன்னத்தில்தான். இடது கன்னத்தில்.

"ஏ புள்ள, பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் பதிய வேணாமா?" என்று வாசலிலிருந்து கத்தினான் நல்லமுத்து. அவள் படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

சாயங்காலம் பானையின் ஆவியில் படத்தை இளக வைத்து, தன் முகத்தைப் பின்னால் தள்ளி, தங்கையை நடுவில் வைத்து மடித்தாள். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் புகை போகாத மூலை கிடையாது. அதனால் அடுப்பு மூட்டும் முன் நாலு இதழையும் முகத்தின் மேல் மூடுவாள். புகை அடங்கியதும் திறப்பாள். திறக்கத் திறக்க மடிப்பில் வெடித்த வெள்ளைக் கோடு ஒரு நூல் கூடும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு நாளாவது திறக்காமல் இருந்து பார்ப்போம் என்று நினைப்பாள். புகை அடங்குவதற்குள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பாள்.