வாயை அடைத்த வெல்லம்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லி மகன் போனில் கத்திவிட்டு வைத்தான். என் கை தானாக வெல்ல டப்பாவுக்குப் போனது. திறந்ததும் பாகு வாசனை முகத்தில் அடித்தது. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் கரும்புக் காட்டில், வெல்லம் காய்ச்சும் கொட்டாயில் மறுபடி சிறுமியாக நின்றேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளை அழுதால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கொப்பரையோரம் ஒட்டியிருக்கும் இளஞ்சூட்டு வெல்லத்தை அப்பா சுரண்டி, உருட்டி, வாயில் திணிப்பார். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய அன்றும் அதுதான் நடந்தது.

"நான் படிக்கணுங்கப்பா..."

"மொதல்ல இதத் தின்னு கண்ணு. வாயில இனிப்ப வச்சுக்கிட்டு அழுவக் கூடாது."

வாய் நிறைய வெல்லம். பேச முடியவில்லை. துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். அன்பாகத்தான் கொடுத்தார். பள்ளிக்கூடம் போனது போனதுதான்.

பிறகு மாமியார் பேச்சுக்கும் வெல்லம், கணவர் சாவுக்கும் வெல்லம். உடம்பு பெருத்து, முட்டி தாங்காமல் போனது. இப்போது தினமும் ஏரிக்கரையில் நடக்கிறேன். பட்டினி எல்லாம் கிடையாது. பசித்தால் களி வயிறாரத் தின்கிறேன். துக்கத்துக்கும் கோபத்துக்கும் மட்டும் இனித் தின்பதாக இல்லை.

டப்பாவை மூடிவிட்டு மகனை அழைத்தேன்.

"சாப்டியாம்மா?" என்றான், தணிந்த குரலில்.

"சோறு கெடக்கட்டும்டா. இப்ப என் வாயில ஒண்ணுமில்ல, நல்லாக் கேட்டுக்க. நான் வரல."