எண்ணாமல் விட்ட நொடிகள்

எங்கள் இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. நகரத்து ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தி கேக்குக்கு ஐசிங் பூசும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வயது மகள் என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். என்னோடு பேச வேண்டுமென்றால் அவள் அப்படித்தான் செய்வாள். அதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிலைத்துவிடுகிறது, கூப்பிட்டாலும் கேட்பதில்லை என்று வகுப்பு ரீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். டொக்டர் ஒரு கடதாசித் துண்டை மகளின் முகத்துக்கு முன்னால் பிடித்து ஊதச் சொன்னார். ஊதினாள். கடதாசி படபடத்தது. கொஞ்ச நேரத்தில் அசையாமல் நின்றுவிட்டது. மகளின் கண்கள் திறந்தபடியே இருந்தன, இமை மட்டும் மெல்லத் துடித்தது. காற்று விழுந்த நேரத்து வாவியைப் போல இருந்தது அந்த முகம். பிறகு, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பவும் ஊதினாள்.

"இதுவும் ஒரு வகை வலிப்புத்தான்" என்றார் டொக்டர். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் வருது, அம்மா?"

"ரெண்டு மூண்டு தரம் இருக்கும், டொக்டர்."

"நீங்க கண்டதா?"

பள்ளி விட்டால் அவளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒரு தரமும் கண்டதில்லை.

ஈஈஜி (மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் பரிசோதனை) எடுத்து, மருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு தரம் வருவதையும் கொப்பியில் குறிக்கச் சொன்னார்கள். தண்ணீர்க் கரைக்குத் தனியே விடவே கூடாது என்றார்கள்.

கணவர் கட்டாரில் இருந்த நான்கு வருடமும் போன்தான் எனக்கு அவர். அவர் எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பி வந்து வயல் செய்யத் தொடங்கிய பிறகும் போன் என் கையை விட்டு இறங்கவில்லை. ஒரு காணொளி முடிய இன்னொன்று. பின்னேரங்கள் எங்கே போயின என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மருந்து தொடங்கிய அந்தக் கிழமையே அது நடந்தது. வாவிக்கரையில் மகள் முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடினாள். நான் தனியே விடவில்லை, கரையில்தான் இருந்தேன். ஒரே ஒரு காணொளி. பக்கத்து வீட்டு மலர் அக்கா கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது.

"உனக்குக் கண் இல்லையா, புள்ள? பிள்ளை தண்ணிக்குள்ள கிடக்காள்!"

நான் எழும்புவதற்குள் அக்கா அவளைத் தூக்கிவிட்டார். மகள் இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

அன்று கணவரிடம் சொன்னேன். "அவள் வழுக்கி விழல்ல. வலிப்பு வந்திரிக்கி. நான் பாக்கல்ல. போன் பாத்துக்கிட்டு இருந்தன்."

அவர் போய் மகளின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "அதையும் டொக்டரிட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். டொக்டர் என்னை உளநலப் பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆலோசகர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்ப்பேன் என்று கேட்டார். ஒரு மணித்தியாலம் என்றேன். போனிலேயே அந்தக் கணக்கு இருந்தது. திறந்து பார்த்தோம். ஆறரை மணித்தியாலம்.

"நீங்க கெட்ட தாய் இல்ல" என்றார். "பழக்கம் பிடிச்சிரிக்கி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழட்டலாம்."

போன் பகலில் கணவரிடம் போனது. என்னிடம் ஒரு பட்டன் போன் மட்டும். முதல் நாட்களில் தொடையில் போன் அதிர்வது போல இருந்தது, அங்கே ஒன்றுமே இல்லை. காரணமில்லாமல் சட்டியை எறிந்தேன். அரிசி களைந்தபடி அழுதேன். மூன்றாம் கிழமை, வலிப்பைப் பற்றி அறியத்தான் என்று சொல்லி போனை வாங்கினேன். நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, கொப்பியில் அன்றைய பக்கம் வெறுமையாகக் கிடந்தது. போனை விடும் இந்த வழியில் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நான் விழுந்த நாள் அதுதான், அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை.

மறுநாள் போனைக் கேட்கவில்லை. பதினொரு தரம் குறித்தேன். கண் நிலைப்பதற்கு முன் அவள் உதடு சிறிது பிரியும். அது இப்போது எனக்குத் தெரியும். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பதினொன்று ஐந்தாகி, இரண்டாகி, சில நாட்கள் ஒன்றுமில்லாமல் போயின. வளர வளரப் பலருக்கு இது விட்டுப்போகும் என்கிறார் டொக்டர். எனக்குப் பின்னேரத்தில் அரை மணித்தியாலம் போன் உண்டு. சில நாள் அது முக்கால் ஆகிவிடுகிறது.

போன கிழமை வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும் வயலுக்குப் போக, நானும் மகளும் துறையில் படகுக்குக் காத்திருந்தோம். வெயில் தண்ணீரில் பரந்து, மறுகரை மிதப்பது போலத் தெரிந்தது. மகள் என்மேல் சாய்ந்திருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் படுவதும் விலகுவதுமாக இருந்தது. என் கழுத்துக்கு இவ்வளவு உணர்வு இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. படகு வந்திருக்கிறது, ஆட்கள் இறங்கி ஏறியிருக்கிறார்கள்.

"அம்மா, நம்மட படகு போகுது" என்றாள்.

"போகட்டும் மகள். இன்னொண்டு வரும்" என்றேன்.